சங்கடகர சதுர்த்தி நோன்பும் தென்பாண்டிப் பிள்ளையார் வழிபாடும்

முன்னுரை

முழுமதி நாளுக்குப் பின் வரும் நான்காம் திதியில், திங்கள்தோறும், பிள்ளையாரை முன்னிட்டு நோற்கப்பெறும் நோன்பினைச் சங்கடகர சதுர்த்தி என்பர். நோற்போர் பகற்பொழுது முழுவதும் உண்ணாதிருந்து, மாலையிற் பிள்ளையாரை வழிபட்டு, இரவில் திங்கள் எழக் கண்டு, அதற்கு நீர் வார்த்து வணங்கிய பின்னரே உணவு கொள்வர். இடர் களைதலே இந்நோன்பின் தலையாய பயனாகக் கூறப்பெறுகின்றது. பெருங்கோயில் முதலாகத் தெருமுனைப் பிள்ளையார் கோயில் ஈறாக இன்று தமிழகமெங்கும் இது நடைபெறுதலைக் காண்போர், இந்நோன்பு தொன்றுதொட்டு இவ்வாறே நிகழ்ந்துவந்தது எனக் கொள்வது இயல்பே. அக்கொள்கை எவ்வளவிற்குப் பொருந்தும் என்பதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வுக்குரிய நிலமாகச் சிவகிரியையும் அதனைச் சூழ்ந்த சங்கரன்கோயில் வட்டாரத்தையும் நாம் எடுத்துக்கொள்கின்றோம். சிவகிரி, மதுரையிலிருந்து இராசபாளையம் வழியாகத் தென்காசி செல்லும் பெருவழியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே அமைந்த ஊர். முன்னர்த் திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்த இப்பகுதி, 2019ஆம் ஆண்டு முதல் தென்காசி மாவட்டத்தில் அடங்கியுள்ளது. இந்நிலத்தைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. குளப்பாசனத்தை நம்பிய சிற்றூர்களும், பாளையமாக இருந்து சமீனாக மாறிய ஆட்சி மரபும், சங்கரன்கோயில் போன்ற பெருங்கோயிலும் ஒரே வட்டாரத்தில் அமைந்த இடம் இது. வீடு, அரண்மனை, கோயில் ஆகிய மூன்றனுள் எதனை ஒட்டி இந்நோன்பு வளர்ந்தது என்னும் வினாவை இங்கு வைத்து ஆராய்தல் எளிதாகும்.

பெயரும் பொருளும்

முதற்கண் பெயரை நோக்குவோம். சங்கடம் என்னும் வடசொல் குறுகிய வழி, நெருக்கடியான இடம் என்னும் பொருளில் தோன்றிப் பின்னர்த் துன்பத்தை உணர்த்தியது. அதனைப் போக்குவது சங்கடஹரம். வடமொழி ஹகரம் தமிழில் மொழிமுதற்கண் அகரமாகவும், இடையிற் ககரமாகவும் திரியும் என்பது நன்னூலார் காட்டிய நெறி. ஹரன் என்பது அரன் என்றும், மோஹம் என்பது மோகம் என்றும் வருதல் காண்க. அந்நெறிப்படி இத்தொடர் சங்கடகரம் என்றாயிற்று. ஆயினும், சுபகரம் என்னும் சொல்லில் உள்ள 'கரம்' செய்வது எனப் பொருள்படுதலின், சங்கடகரம் என்பதைச் சங்கடத்தைச் செய்வது என மாறுபடக் கொள்ளவும் இடமுண்டு. அதுபற்றியே சிலர் கிரந்த எழுத்தை விடாது எழுதுகின்றனர். சிலர் சங்கடநாசன சதுர்த்தி என வேறு பெயர் இடுகின்றனர். மராட்டிய நாட்டார் இதனைச் சங்கட்டி எனச் சுருக்கி வழங்குவர். தெலுங்கு நாட்டில் நம்மைப் போன்றே 'ஹர' என்னும் ஈற்றுடன் வழங்குகின்றது. பெயர் வழக்கு ஒன்றே இந்நோன்பு தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று, தக்காணம் முழுவதற்கும் பொதுவானது என்பதனை உணர்த்திவிடுகின்றது.

பொருளளவில் மற்றொரு வேறுபாடு உண்டு. அது நுணுகி நோக்கத்தக்கது. பிள்ளையாரை விக்கினம் தீர்ப்பவர் என்கின்றோம். விக்கினம் என்பது ஒரு செயலின் இடையே வந்து அதனைத் தடுக்கும் இடையூறு. நூல் தொடங்குங்கால் காப்பு உரைப்பதும், ஏடு தொடங்குங்கால் பிள்ளையார் சுழி இடுவதும், அறுவடைக்கும் மணத்திற்கும் மஞ்சளிலோ சாணத்திலோ பிள்ளையார் பிடித்து வைப்பதும் வரக்கூடிய இடையூற்றை முன்னரே விலக்குதற்காம். சங்கடமோ முன்னரே வந்து சூழ்ந்துவிட்ட நெருக்கடி. கடன், நோய், மகப்பேறின்மை, வழக்கு என ஒருவன் அகப்பட்டுக்கொண்ட இடுக்கிலிருந்து வெளியேற நோற்பதே சங்கடகர சதுர்த்தி. முன்னது தொடக்கத்தின் வழிபாடு. பின்னது இக்கட்டின் வழிபாடு. தமிழர்க்குப் பிள்ளையாரோடு உள்ள பழந்தொடர்பு முன்னதன்வழியே மிகுதியும் புலனாகின்றது. பின்னது எப்பொழுது, எவ்வழியே வந்தது என்பதே நம் வினா.

இலக்கியமும் கல்வெட்டும் காட்டுவன

சங்கத் தொகை நூல்களில் பிள்ளையார் வழிபாடு வெளிப்படையாகக் காணப்பெறவில்லை. அத்தொகைகளுக்குப் பாரதம் பாடிய பெருந்தேவனார் பிற்காலத்துப் பாடிச் சேர்த்த கடவுள் வாழ்த்துக்களும் சிவனையும் முருகனையும் திருமாலையுமே போற்றுகின்றன. பிற்கால நூல்களில் முதலிடம் பெறும் விநாயக வணக்கம் அங்கு இல்லை. ஆயின் திங்களைத் தொழும் வழக்கம் சங்க காலத்திலேயே உண்டு. கன்னிப் பெண்டிர் மாலையிற் பிறை தொழுதலை அகப்பாடல்கள் கூறுகின்றன. சிலப்பதிகாரமும் திங்களைப் போற்றியே தொடங்குகின்றது. ஆகவே, இந்நோன்பின் இரு கூறுகளுள் திங்கள் தொழுதல் தமிழகத்தில் மிகப் பழையது. பிள்ளையார் வழிபாடு அதற்குப் பிற்பட்டது. ஆனால் சங்கப் பெண்டிர் தொழுதது வளர்பிறை என்பதையும், சதுர்த்தி நோன்பினர் தொழுவது தேய்மதி என்பதையும் மறத்தலாகாது. ஒன்றிலிருந்து மற்றொன்று நேரே தோன்றியது எனக் கூறுதல் பொருந்தாது.

கி.பி. 7ஆம் நூற்றாண்டில் அப்பரும் சம்பந்தரும் கணபதியைப் பாடியுள்ளனர். உமை பிடி வடிவும் சிவன் களிற்று வடிவும் கொள்ளக் கணபதி தோன்றிய செய்தியைச் சம்பந்தரின் வலிவலப் பதிகம் குறிக்கின்றது. பிள்ளையார்பட்டிக் குடைவரையில் இரு கைகளுடன் வலம்புரியாக அமைந்த திருவுருவம் தமிழகத்தின் மிகப் பழைய பிள்ளையார் உருவங்களுள் ஒன்று என்பர். பதினோராம் திருமுறையில் அதிரா அடிகளும், கபிலதேவ நாயனாரும், நம்பியாண்டார் நம்பியும் பாடிய மூன்று சிற்றிலக்கியங்கள் பிள்ளையார்க்கே உரியன. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் பிள்ளையார் கணபதியார்க்கு நாள்தோறும் 150 வாழைப்பழம் அமுது செய்விக்க வணிகரிடம் முதற்பொருள் வைத்து, அதன் வட்டியைக் கொண்டு அறம் நடத்தியதைக் கல்வெட்டு உரைக்கின்றது. இச்சான்றுகள் அனைத்தும் பிள்ளையார் வழிபாடு தமிழகத்தில் வேரூன்றியதைக் காட்டுகின்றன. இவை காட்டும் வழிபாடு நாள்வழிபாடும் துதியும் ஆகும். இராசராசன் அறக்கட்டளை நாள்தோறும் கனி படைக்க வகை செய்ததேயன்றி, நான்காம் பிறைக்கென ஒன்றைத் தனித்து வகுக்கவில்லை. பிள்ளையார் வழிபாட்டின் தொன்மை வேறு, சங்கடகர சதுர்த்தியின் தொன்மை வேறு என்பதனை இங்கு வரையறுத்துக்கொள்ளுதல் வேண்டும்.

புராணம் வந்த வழி

தேய்பிறைச் சதுர்த்தி நோன்பினைக் கதையும் முறையும் அமைய விரித்துரைப்பது வடமொழிக் கணேச புராணம். சௌராட்டிர நாட்டு அரசன் சோமகாந்தன் தொழுநோயுற்றுக் காடு புக, பிருகு முனிவர் அவனுக்கு உரைத்ததாக அமைந்த நூல் இது. அதனால் இம்மரபினைப் பார்க்கவ புராணம் எனவும் வழங்குவர். அதன் காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இடைக்காலத்தின் பிற்பகுதியது என்பது பலர்க்கும் உடன்பாடு. பிள்ளையாரையே முழுமுதலாகக் கொண்ட காணபத்தியம் மராட்டிய நாட்டில் மோர்காவ், சிஞ்சுவாடு முதலிய இடங்களில் ஓங்கியது. பல நோன்புகளைத் திரட்டிய வடமொழித் தொகை நூல்களும் தோன்றின. 13ஆம் நூற்றாண்டில் தேவகிரி யாதவர் அமைச்சராக விளங்கிய ஏமாத்திரி தொகுத்த பெருநூலின் விரத காண்டம் இவற்றுள் தலைசிறந்தது.

கணேச புராணம் இந்நோன்பிற்குக் கூறும் கதைகளுள் மூன்று நம் ஆய்வுக்கு வேண்டுவன.

முதலாவது திங்கள் பெற்ற சாபம். பிள்ளையார் உருவத்தைக் கண்டு நகைத்த திங்களைக் காண்போர் பழி எய்துவர் எனச் சபிக்கப்பெற்றது. தேவர் வேண்ட, அச்சாபம் ஆவணி வளர்பிறைச் சதுர்த்தி ஒரு நாளுக்கு மட்டும் எனச் சுருக்கப்பெற்றது. தேய்பிறைச் சதுர்த்தியிலோ திங்களை வழிபட்டே நோன்பு முடித்தல் வேண்டும் என விதிக்கப்பெற்றது. ஒரே எண்ணுடைய திதி, ஒரு பக்கத்தில் திங்களைக் காணாதே என்கின்றது. மறு பக்கத்தில் காணாது உண்ணாதே என்கின்றது.

இரண்டாவது செவ்வாயின் கதை. நிலமகள் வளர்த்த மைந்தனாகிய செவ்வாய், பிள்ளையாரை நோக்கித் தவம் புரிந்து, மாசித் தேய்பிறைச் சதுர்த்தி செவ்வாய்க்கிழமையன்று திங்கள் எழும்போது அவரைக் கண்டான். அதனால் செவ்வாய்க்கிழமையோடு கூடிய சதுர்த்தி அங்காரக சதுர்த்தி எனச் சிறப்புற்றது. ஓராண்டில் 12 அல்லது 13 தேய்பிறைச் சதுர்த்திகள் வருமாதலின், செவ்வாயோடு கூடுவன ஒன்றிரண்டே.

மூன்றாவது சூரசேனன் நாட்டில் இந்திரன் ஊர்தி விழுந்த கதை. தீவினையாளன் ஒருவன் பார்வை பட்டமையால் வானூர்தி நிலத்தில் இறங்கிவிட்டது. சங்கட சதுர்த்தி நோற்றார் ஒருவரது நோன்பின் பயன் கிட்டினாலன்றி அது எழாது என்றனர். நகரெங்கும் தேடியும் நோற்றார் எவரும் அகப்படவில்லை. இறுதியில், தாழ்ந்த குலத்தவள் எனக் கதை குறிக்கும் ஒரு பெண், தானறியாமலேயே திங்கள் எழும்வரை உண்ணாதிருந்த பயனால் கணநாதர் உலகத்திற்கு அழைத்துச் செல்லப்பெற்றாள். அவள் நோன்பின் ஆற்றலால் இந்திரன் ஊர்தியும் மேலெழுந்தது. மந்திரமும் குருவும் இன்றி, நோன்பு என்னும் எண்ணமேயின்றி நிகழ்ந்த ஒன்றை அரசனும் அந்தணரும் நோலாத நோன்பினும் மேலாக வைத்தது இக்கதை. இதன் கருத்தினைப் பின்னர் எடுத்துக்கொள்வோம்.

இவ்வடமொழி மரபினைத் தமிழாக்கித் தந்தவர் கச்சியப்ப முனிவர். திருத்தணிகையிற் பிறந்து, திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவரிடம் பயின்ற இவர் 1790இல் காஞ்சியில் மறைந்தார். இவர் பாடிய விநாயக புராணம் பார்க்கவ புராணத்தின் வழிநூலாகும். இவ்விடத்துத் தென்பாண்டி நாட்டின் தொடர்பு ஒன்று புலனாகின்றது. கச்சியப்பரின் ஆசிரியராகிய சிவஞான முனிவர் பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்திற் பிறந்தவர். திருவாவடுதுறை ஆதீனத்திற்குத் தாமிரபரணிக் கரையில் நிலமும் மடங்களும் உண்டு. அம்மடத்துத் தமிழ் தென்பாண்டிச் சமீன்களின் புலவர் அவைகளில் போற்றப்பெற்றது. எனவே, இந்நோன்பின் புராணச் செய்தி 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி மடத்தின் வழியாக இப்பகுதிக் கற்றோரிடம் பரவ வாய்ப்பிருந்தது என்று கொள்ளலாம்.

தஞ்சையில் 1676 முதல் 1855 வரை நிலவிய மராட்டியர் ஆட்சியே இந்நோன்பினைத் தமிழகத்திற் பரப்பியது என்று ஒரு கருத்துக் கூறுதல் கூடும். காவிரிப் பகுதியைப் பொறுத்த வரையில் அக்கருத்து எண்ணத்தக்கதே. ஆனால் திருநெல்வேலிச் சீமை தஞ்சை மராட்டியர்க்கு உட்பட்டதன்று. மதுரை நாயக்கர்க்குப் பின் ஆர்க்காட்டு நவாபின் கீழும், அவர்க்குப் பின் கும்பினியார் கீழும் இருந்தது. எனவே அரசியல் வழி ஒன்றையே காரணமாகக் கொண்டு சிவகிரிப் பகுதிக்கு விடை காணுதல் இயலாது. மடத்தின் தமிழ் நூலும், அந்தணர் குடியிருப்புக்களின் வழக்கமும், பின்னாளில் அச்சேறி ஊர்தோறும் சென்ற பஞ்சாங்கமும் இதற்கு வழியாயின எனல் பொருத்தமாகும்.

தென்பாண்டிப் பெண்டிர் நோன்பு

புராணம் வருவதற்கு முன் இந்நிலத்தார் பிள்ளையாரை இடர் நீங்க வேண்டி நோற்றிலரோ எனின், நோற்றனர் என்பதே நம் கருத்து. அதற்குச் சான்றாவது செவ்வாய்ப் பிள்ளையார் நோன்பு, ஔவையார் நோன்பு என்னும் பெயர்களால் நெல்லை, குமரிப் பகுதிகளில் வழங்கும் பெண்டிர் நோன்பு.

ஆடி, தை, மாசித் திங்கட் செவ்வாய்க்கிழமைகளில் இது நோற்கப்பெறும். "தப்பினால் தை, மறந்தால் மாசி, அசந்தால் ஆடி" என்னும் பழமொழி, ஒரு திங்களில் தவறினும் மறு திங்களிலேனும் நோற்றல் வேண்டும் என்னும் கட்டாயத்தை உணர்த்தும். ஊர் அடங்கிய பின்னர் மூத்த பெண் ஒருவர் இல்லத்திற் பெண்டிர் கூடுவர். பச்சரிசி மாவில் உப்பிடாது கொழுக்கட்டை செய்து படைப்பர். மூத்தவர் கதை சொல்ல, ஏனையோர் கேட்பர். ஆடவர்க்கு அங்கு இடமில்லை. ஆண் குழந்தையும் அவ்விடத்து நிற்றலாகாது. படைத்ததை ஆடவர் உண்ணுதலும் காணுதலும் கூடா. விடியுமுன் அனைத்தும் உண்டு முடித்தல் வேண்டும். மணம் கூடவும், மகவு பெறவும், கணவர் நலம் பெறவும், குடும்பத்தின் நெருக்கடி தீரவும் இதனை நோற்றனர்.

சங்கடகர சதுர்த்தியோடு இதனை ஒப்பு நோக்குவோம். இரண்டும் இக்கட்டு நீங்க நோற்பன. இரண்டும் இரவிற்குரியன. இரண்டிலும் கொழுக்கட்டை உண்டு. செவ்வாய் இரண்டிற்கும் சிறப்புடைய கிழமை. மாசியும் இரண்டிற்கும் பொதுவாகிய திங்கள். வேறுபாடுகளும் வெளிப்படை. ஒன்று கிழமையைக் கொண்டது. மற்றொன்று திதியைக் கொண்டது. ஒன்றற்குப் பஞ்சாங்கம் வேண்டா. மற்றொன்று பஞ்சாங்கமின்றி நடவாது. ஒன்றன் கதை மூத்தவள் வாயிலிருந்து இளையவள் செவிக்குச் செல்வது. மற்றொன்றன் கதை ஏட்டில் உள்ளது. ஒன்றில் ஆடவர் விலக்கப்பெற்றனர். மற்றொன்றில் கோயிலின் பூசகர் ஆடவரே.

இவ்வொப்புமையால் ஒன்றே மற்றொன்றாயிற்று என நாம் கூறவில்லை. கணேச புராணத்தின் அங்காரக சதுர்த்தி தென்பாண்டிச் செவ்வாய் நோன்பிலிருந்து பிறந்ததன்று. ஆனால், புதிதாக வந்த ஒன்று ஓரிடத்தில் எளிதில் நிலைபெறுமாயின் அதற்கு இடந்தரும் பழைய ஒன்று அங்கு இருந்திருத்தல் வேண்டும். செவ்வாயும் பிள்ளையாரும் இரவும் கொழுக்கட்டையும் ஏற்கெனவே ஒன்றுசேர்ந்திருந்த இல்லங்களில், செவ்வாயைச் சிறப்பிக்கும் சதுர்த்தி அயலாகத் தோன்றியிராது. நிலமகள் மைந்தன் செவ்வாய் என்னும் புராணக் கதையும் உழவர் குடிப் பெண்டிர்க்கு உவப்பாக இருந்திருத்தல் கூடும். எழுத்துச் சான்றின் காலத்தை மட்டும் கொண்டு, 18ஆம் நூற்றாண்டிற்கு முன் இங்கு இத்தகைய நோன்பே இல்லை எனக் கொள்வோமாயின், எழுதாதோர் வரலாற்றை இல்லாததாக்கும் பிழைக்கு ஆளாவோம்.

பாளையமும் பிள்ளையாரும்

இனி அரண்மனையின் பங்கினை ஆராய்வோம். 16ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் வகுத்த பாளைய முறையில் சிவகிரி ஒரு பாளையம். அதன் தலைவர் வன்னியனார் என்னும் பட்டப்பெயர் தாங்கியவர். 1783இல் கர்னல் புல்லார்ட்டன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கிய பின்னர்ச் சிவகிரி மீது படை நடத்தினான்; மலையடிவாரக் காட்டரணில் கடும் போர் நிகழ்ந்தது. பாளையப் போர்களுக்குப் பின், 1803இல் நிலையான நிலவரித் திட்டத்தால் பாளையங்கள் சமீன்களாயின. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் சமீன் முறை ஒழிந்தது.

பாளையக்காரரும் சமீன்தாரரும் கோயிற்பணி செய்தனர் என்பது உண்மை. ஆனால் அவர்கள் பொருள் பெரிதும் சென்றது ஆண்டுத் திருவிழாக்களுக்கே. தேரும் ஊர்வலமும் முதல் மரியாதையும் உள்ள விழாக்கள் ஆட்சியின் பெருமையைக் காட்டவல்லவை. சங்கரன்கோயில் ஆடித்தவசு இவ்வட்டாரத்தின் பெருவிழா. கோமதியம்மையின் தவத்திற்கு இரங்கி இறைவன் சங்கரநாராயணராகக் காட்சி தரும் அந்நாளில் பல ஊர் மக்கள் ஓரிடத்தில் திரள்வர். திங்கள்தோறும் வரும் நோன்பிலோ தேர் இல்லை, ஊர்வலம் இல்லை, பரிவட்டம் கட்டிப் பெருமை பெற இடமில்லை. அது தனித்தனி வீடுகளில் தனித்தனித் துன்பத்திற்காக நோற்கப்பெறுவது. ஆதலின் அரண்மனை அதனை வளர்க்கவுமில்லை, தடுக்கவுமில்லை எனல் தகும்.

பிள்ளையார் எழுந்தருளியிருந்த இடங்களும் இக்கருத்திற்குத் துணை செய்கின்றன. இப்பகுதிச் சிற்றூர்களில் குளக்கரையிலும், ஆற்றுத்துறையிலும், அரசும் வேம்பும் இணைந்த மேடையிலும், முச்சந்தியிலும் பிள்ளையார் அமர்ந்துள்ளார். மேலே கூரையில்லை, முன்னே கதவில்லை. குடம் ஏந்தி வருவோர் தாமே நீராட்டுவர். அறுகும் எருக்கும் சூட்டுவர். கதவில்லாமையின் பொருளை வரலாற்றோடு இணைத்து நோக்கினாலன்றி உணர்தல் அரிது. கோயிலுள் எவர் நுழையலாம் என்னும் வினா தென்பாண்டி நாட்டைப் பல்லாண்டு கலக்கியது. 1899இல் சிவகாசியிற் பெருங்கலவரம் மூண்டது. கமுதிக் கோயில் வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1908இல் நாடார்க்கு எதிராக முடிந்தது. 1939 சூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் தாழ்த்தப்பட்டோர் நுழைந்தனர். அவ்வாண்டிலும் 1947இலும் வந்த சட்டங்கள் கோயிற் கதவைத் திறந்தன. அதுகாறும் விலக்கப்பெற்றோர்க்கும் பிள்ளையார் வழிபாடு மரத்தடியில் இயன்றது.

சூரசேனன் கதையை இப்பொழுது மீண்டும் எண்ணுவோம். இழிகுலத்தவள் என ஒதுக்கப்பெற்ற ஒரு பெண்ணின் நோன்பே இந்திரன் ஊர்தியை எழச் செய்தது என அந்நூல் கூறியது. அந்நூலை ஓதிய நாட்டிலேயே, அத்தகைய பெண் ஒருத்தி சதுர்த்தி மாலையிற் கோயில் வாயிலைக் கடக்க இயலாத நிலை 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை நீடித்தது. புராணம் உடன்பட்டதை ஊர் உடன்படவில்லை. இந்நோன்பின் வரலாற்றில் மிக இன்றியமையாத முரண்பாடு இதுவே என்பது நம் துணிபு. இது கதைக்கும் நடைக்கும் இடையே நூற்றாண்டுக் கணக்கில் கிடந்த இடைவெளி. அவ்விடைவெளியைக் குறைத்தது நூலறிவு அன்று. மக்கள் போராட்டமும் சட்டமுமே ஆகும்.

திங்கள் எழும் நேரமும் கோயிலின் நேரமும்

இந்நோன்பின் உயிர்நிலை திங்கள் எழுதல். தேய்பிறைச் சதுர்த்தி என்பது திங்கள் ஞாயிற்றின் நேர் எதிர்நிலையைக் கடந்து 36 பாகை முதல் 48 பாகை வரை செல்லும் காலம். முழுமதியன்று ஞாயிறு மறையும்போது எழும் திங்கள் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தி எழுவதால், சதுர்த்தி இரவில் அது பெரும்பாலும் 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையே எழும். திங்கள் எழும்போது சதுர்த்தி நிற்கும் நாளே நோன்பு நாள் என்பது முறை. வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் திதியின் எல்லையில் வேறுபடுங்கால் நோன்பு நாளும் வேறுபடுதல் உண்டு.

சிவகிரியின் நில அமைப்பு இதற்கு இயைந்தது. மேற்கே மலை உயர்ந்து நிற்றலின் மாலை வெளிச்சமும் இளம்பிறையும் விரைவில் மறையும். கிழக்கே கரிசலும் செம்மண்ணும் விரிந்த சமவெளி. தேய்மதி அடிவானத்தில் எழும்போதே கண்ணுக்குப் புலனாகும். ஆடியில் மலை தாண்டி வரும் சாரல் மேகமும், ஐப்பசி கார்த்திகை மழை மேகமும் மறைக்கும் நாட்களில் பஞ்சாங்கம் குறித்த நேரத்தைக் கொண்டு நோன்பு முடிப்பர்.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நோன்பு கோயிலை நோக்கி நகர்ந்தது. சமீன் ஒழிந்தபின் திருவிழாக் கட்டளைகள் தளர்ந்தன. 1926, 1951, 1959ஆம் ஆண்டுகளின் அறநிலையச் சட்டங்கள் கோயில் நிருவாகத்தை ஒழுங்குபடுத்தின. பொதுமக்கள் சிறுசிறு பொருளால் ஏற்கக்கூடிய திங்கள் வழிபாடுகள் இந்நிலையிற் பெருகின. பிரதோடத்தைப் போன்றே சதுர்த்தியும் அவ்வாறு பரவியது. பெருங்கோயிலில் கணபதியின் சிறு சந்நிதியும், நெல்லை மணிமூர்த்தீசுவரம் உச்சிட்ட கணபதி கோயிலைப் போலப் பிள்ளையாரே தலைமை பெற்ற கோயிலும் ஒருசேர இந்நாளிற் பொலிவு பெறுகின்றன. நீராட்டு, அறுகம்புல் மாலை, மோதகம், சுண்டல், சிதறுகாய் ஆகியன ஓர் ஒழுங்கில் நிகழ்கின்றன. சாதி வேறுபாடின்றி அனைவரும் நின்று வழிபடுகின்றனர். இது போற்றத்தக்க மாற்றம் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இம்மாற்றத்தில் இரண்டு நெகிழ்ந்தன. கோயிலில் நீராட்டும் பூசையும் மாலையில் நிகழ்ந்து முடிந்துவிடுகின்றன. திங்கள் எழும் நேரத்திற்குப் பல கோயில்களின் நடை சாத்தப்பெற்றுவிடும். பூசை முடிந்ததும் உண்டு நோன்பு முடிப்போர் பெருகினர். மொட்டை மாடியிலோ தெருவிலோ நின்று திங்களுக்கு நீர் வார்ப்போர் அருகினர். நோன்பின் உயிர்நிலையாகிய திங்கள் இவ்வாறு விளிம்பிற்குத் தள்ளப்பெற்றது. நெகிழ்ந்த மற்றொன்று பெண்டிர் நோன்பு. கோயிலின் திங்கள் வழிபாடு வளர வளர, ஊரடங்கிய பின் வீட்டிற்குள் நிகழ்ந்த செவ்வாய் நோன்பு குறைந்து வருகின்றது. அதன் கதை எழுதப்பெறாதது, ஆடவர் கேளாதது. கூறும் மூத்தவள் மறைந்தால் அவளுடன் அதுவும் மறையும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படும் முடிவுகளைத் தொகுத்துக் கூறுவோம். பிள்ளையார் வழிபாடு தமிழகத்தில் 7ஆம் நூற்றாண்டிற்குள் வேரூன்றியது. தொடக்கத்தின் வழிபாடு, நாள்வழிபாடு என்னும் வடிவங்களில் அது பெரிதும் விளங்கியது. தேய்பிறைச் சதுர்த்தி நோன்பின் கதையும் முறையும் கணேச புராண மரபின. கச்சியப்ப முனிவரின் விநாயக புராணத்தாலும் பஞ்சாங்கத்தாலும் அவை தென்பாண்டிக்கு வந்தன. சிவகிரிச் சீமையில் அவை நிலைபெற உதவியது அரண்மனை அன்று. பெண்டிரின் செவ்வாய் நோன்பும், கதவில்லா மரத்தடிப் பிள்ளையாருமே ஆம். கோயில்வழி அமைந்த இன்றைய வடிவம் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குரியது.

இந்நோன்பு மிகப் பழையது எனப் போற்றுவாரும், வந்தேறியது என ஒதுக்குவாரும் ஏட்டை மட்டுமே நோக்குகின்றனர். ஏட்டில் ஏறிய நாள் ஒரு வழக்கத்தின் பிறந்த நாள் ஆகாது. ஏட்டில் ஏறாமை அதன் இன்மைக்குச் சான்றும் ஆகாது. சூரசேனன் நகரில் நோற்றவரைத் தேடிய ஏவலர் அரண்மனையிலும் வேள்விச் சாலையிலும் முதலில் தேடி ஏமாந்திருப்பர்; நோற்றவளோ ஊர்ப்புறத்தே இருந்தாள். ஆய்வாளராகிய நாமும் அவ்வாறு ஏமாறாதிருத்தல் வேண்டும். நெல்லை, தென்காசி, குமரி மாவட்டங்களில் ஔவை நோன்பின் கதைகளை அறிந்த மூதாட்டியர் இன்றும் உள்ளனர். ஆடவர்க்கு உரையாத அக்கதைகளை, அவர்தம் இசைவு பெற்று, பெண் ஆய்வாளர்கள் ஊர்தோறும் சென்று கேட்டுத் தொகுத்தல் தமிழ்த்துறைகள் உடனே மேற்கொள்ளவேண்டிய பணி. கல்வெட்டு மழையிலும் வெயிலிலும் நிற்கும். அச்சேறிய புராணம் நூலகத்தில் நிற்கும். அக்கதைகள் நிற்பது அவர்தம் நினைவில் மட்டுமே.